வெள்ளிக்கிழமை நிற்கும் கார்

பெட்ரோல் வாசனையோடு அரைத்த சந்தனமும் கற்பூரப் புகையும் கலந்தால் என்ன மணம் வரும் என்பது இன்றைக்கு அநேகமாக யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். ஐம்பதுகளில், செங்கல்பட்டில் ஏரிப் பக்கமாக இருந்த எங்கள் வீட்டில், வெள்ளிக்கிழமைகளில் அந்த மணத்தில்தான் நான் கண் விழிப்பேன். வாசலில் பெரியப்பா எங்கள் காருக்குப் பூஜை செய்துகொண்டிருப்பார். ஈரத் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி, கண்ணாடிக்கு, முன்விளக்குகளுக்கு, சக்கரங்களுக்கு என்று ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வருவார். கடைசியில் பின்பக்கம் போய், பெட்ரோல் ஊற்றும் வாயை மூடியிருக்கும் வட்ட மூடியின் நட்ட நடுவில், கட்டை விரலால் அழுத்தி ரூபாய்க் காசு அகலத்துக்குச் சந்தனம் அப்பி, அதன் மேல் குங்குமம் வைப்பார். "குடிக்கிற வாய்க்குப் பொட்டு இல்லாம எப்படி?" என்பார். அதற்குப் பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்குக் காப்பி.

வண்டி யுத்தத்துக்கு முன்னால் சீமையிலிருந்து கப்பலில் வந்திறங்கியது. தாத்தா வாங்கிய அந்தப் "பச்சை வண்டி", அவர் போன பிறகு குடும்பத்துச் சொத்தாகப் பெரியப்பாவின் பொறுப்புக்கு வந்தது. பெரியப்பாவுக்கு ஓட்டத் தெரியாது; பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த என் அப்பாவுக்கும் தெரியாது. பூஜை முடிந்தால் ஊருக்குள் ஒரு சுற்று என்று ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் வயதாகிவிட்டது என்று மதுராந்தகத்துக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் போவதற்கு முன் அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரே ஆள் என் அம்மா விசாலம். கற்றுக்கொள்கிறேன் என்று யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஒரு நாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஏரிக்கரையைச் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினாள், அவ்வளவுதான்.

அம்மா கல்யாணத்துக்கு முன்பே சென்னையில் எல்.எம்.பி. என்கிற டாக்டர் படிப்பு படித்தவள். ஊரில் அவளுக்கு "டாக்டரம்மா" என்று பெயர். வீட்டு முன்னறையிலேயே நோயாளிகளைப் பார்ப்பாள். மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கடலோரக் குப்பங்களில் பிரசவம் சிக்கலாகிவிட்டால், பெண்ணை மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வருவார்கள். வந்து சேரும்போது சில சமயம் தாய் இருப்பாள், சில சமயம் குழந்தை இருக்கும், சில சமயம் இரண்டும் இருக்காது. அதைப் பார்த்துப் பார்த்து மனசு வெறுத்துப்போய்த்தான், அவர்கள் வருவதற்குப் பதிலாக நான் போகிறேன் என்று அம்மா கிளம்பினாள். வெள்ளியும் சனியும் கடலோர நாட்கள். அவசரம் என்று ஆள் வந்தால் மற்ற நாட்களிலும் போவாள். பெண்பிள்ளை தனியாகப் போகக் கூடாது என்பதால் "துணைக்கு" என்னை அனுப்புவார்கள். ஒன்பது வயதுகூட நிரம்பாத நான் ஒரு டாக்டருக்கு என்ன துணை என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. அந்தக் காலத்து எங்கள் வீடுகளில் ஒரு பெண் தன் புருஷனுடைய அண்ணனோடு, அதாவது "மூத்தாரோடு", நேருக்கு நேர் பேசமாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பிள்ளையிடம் சொல்வாள். பிள்ளை பெரியவரிடம் சொல்ல வேண்டும். கதவுக்கும் பெரியப்பாவின் சாய்வு நாற்காலிக்கும் நாலு முழம் இருக்கும். அம்மா சொல்வது அவருக்கு நன்றாகவே காதில் விழும். ஆனாலும் நான் ஒருமுறை சொல்லி முடிக்கும் வரைக்கும் விழாதது போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதில் சொல்லும்போதும் "பாப்பா, உங்கம்மா கிட்ட சொல்லு" என்றுதான் தொடங்குவார். இந்த நாடகம் எனக்கு அந்த வயதிலேயே பிடிக்காது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அம்மா ஓட்டத் தொடங்கிய வருஷமே வண்டிக்கு அந்த நோய் வந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டும் வரைக்கும் ஒரு குறையும் இருக்காது; மலைக்கோயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே போவோம். அதற்கப்புறம் அம்மா மிதியை அழுத்த அழுத்த வண்டி வேகம் எடுக்காமல் திணறும். இருமும். எங்களை முன்னும் பின்னுமாக உலுக்கும். பனந்தோப்பை ஒட்டியிருந்த கன்னியம்மன் கோயில் வந்ததும் மூச்சை விட்டுவிடும். முன்னால் இரும்புக் கைப்பிடி போட்டுச் சுற்றினாலும் கிளம்பாது. வெயிலில் உட்கார்ந்திருந்து, வழியில் போகிறவர்களிடமெல்லாம் யோசனை கேட்டு அலுத்துப்போன பிறகு, ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். திங்கள், செவ்வாயில் அதே சாலையில் அவசரமாகப் போனால் கடல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து வாசலில் நிற்கும்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் கோதண்டத்துக்கு ஆள் அனுப்பினால் பஸ் பிடித்து வருவார். அவர் வந்து சேருவதற்குள் வண்டி கிளம்புகிற நிலைக்கு வந்திருக்கும். காய்ச்சல் விட்ட பிறகு வந்து நாடி பார்க்கிற வைத்தியர் கதைதான்.

"இன்னாம்மா, வண்டி ஜம்முனு கீது! இதுக்கா என்னை இட்டாரச் சொன்னீங்க?" என்பார்.

ஆனால் வந்ததற்கு எதையாவது செய்யாமல் போகமாட்டார். ஒருமுறை கார்புரேட்டரில் குப்பை என்றார். ஒருமுறை பிளக்கில் கரி என்றார். ஒருமுறை காயில் என்ற மின்சுருள் சூடாகிவிடுகிறது என்று ஈரத் துணி சுற்றினார். முதல் காரியமாகப் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே குச்சி விட்டுப் பார்ப்பார். பெட்ரோல் நிறைய இருக்கும். சந்தனப் பொட்டு கலைந்துவிடாமல் மூடியின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக் கழற்றி, துண்டின் மேல் வைத்து, திரும்பப் போடும்போது கண்ணில் ஒற்றிக்கொள்வார். பெட்ரோல் போடுகிற பங்க்கிலும் அப்படித்தான். சாமிக்கு வைத்ததை யார் சுரண்டுவார்கள்?

பெரியப்பா கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவருக்கு விஷயம் முதல் நாளே விளங்கிவிட்டது. பொம்பளை கை பட்ட பிறகுதான் வண்டிக்குக் கேடு வந்தது; அதுவும் வீட்டுப் பெண் வாசல் தாண்டக் கூடாத வெள்ளிக்கிழமையில் வந்தது; அதுவும் கன்னியம்மன் சந்நிதிக்கு எதிரில் வந்தது. இதில் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்ன மூன்றுமே உண்மை. அம்மா ஓட்டத் தொடங்கிய பிறகுதான் வந்தது. வெள்ளி சனியில்தான் வந்தது. கோயில் பக்கம்தான் வந்தது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் அம்மாவைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மாவும் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஹாரனை இன்னும் கொஞ்சம் பலமாக அடித்துக்கொண்டு போனாள்.

வண்டி அடிக்கடி நிற்க நிற்க, பூஜையும் கூடிக்கொண்டே போனது. சந்தனம் கனத்தது. குங்குமத்துக்கு மேல் மஞ்சளும் சேர்ந்தது. ஒரு நாள் பெரியப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, உங்கம்மா கிட்ட சொல்லு. செய்யூர்ல சவுக்குத் தோப்பு வச்சிக்கிறவரு வண்டிய கேட்டுகினு கீறாரு. இன்னொரு வாட்டி வழியில நின்னுச்சுன்னா குடுத்துடப் போறேன். டாக்டரம்மாவா இருந்தா வூட்டோட இருந்து பாக்கட்டும். வர்றவங்க வரட்டும்."

நான் கதவுப் பக்கம் திரும்பினேன். அம்மா அங்கே நின்றிருந்தாள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள், ஆனாலும் நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் காத்திருந்தாள். "வர முடியாதவங்க இன்னா பண்ணுவாங்கன்னு கேளு," என்றாள். நான் கேட்டேன். பெரியப்பா கூரையைப் பார்த்தார்.

அன்று சாப்பிடும்போது அம்மா அப்பாவிடம் பொரிந்து தள்ளினாள். "இன்னாங்க இது! ஒருத்தனுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் காய்ச்சல் வருதுன்னா, நாம நாளையா குத்தம் சொல்றோம்? அந்த நாளுக்கு முன்னாடி உடம்புக்குள்ள இன்னா போச்சுன்னுதானே கேக்குறோம்? இந்த வண்டிக்கு வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி இன்னா போவுது?"

அப்பா அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர். தட்டைப் பார்த்துக்கொண்டே, "வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணன் பெட்ரோல் ரொப்பச் சொல்றாரு. காலி வயித்தோட பூஜை கூடாதாம்," என்றார்.

அன்றிலிருந்து அம்மா அந்த வண்டியை நோயாளியாகவே நடத்தினாள். பெட்ரோலில் கோளாறோ என்று ஒரு மருந்துப் புட்டியில் கொஞ்சம் பிடித்து ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். அடியில் தண்ணீரும் இல்லை, கசடும் இல்லை. அடுத்த வியாழக்கிழமை பங்க்குக்குத் தானே போய், வேண்டுமென்றே பாதி டாங்க்குக்குக் குறைவாக நிரப்பினாள். மறுநாள் வண்டி கன்னியம்மன் கோயிலைத் தாண்டி, சதுரங்கப்பட்டினம் திரும்பும் இடம் வரைக்கும் போய்த்தான் திணறியது. திணறினாலும் நின்றுவிடாமல், தவழ்ந்து போய்ச் சேர்ந்தது. அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வண்டி திணறியதற்குச் சந்தோஷப்பட்டவளை நான் அன்றுதான் பார்த்தேன். "வயிறு ரொம்பினா சீக்கிரம் மூச்சு முட்டுது. கொறஞ்சா தாங்குது. அம்மன் வயித்தப் பாத்தா கோவப்படுவா?" என்றாள். ஆனால் ஏன் என்பது அவளுக்கும் தெரியவில்லை.

அதற்கடுத்த வாரம் சனிக்கிழமைதான் எல்லப்பன் வந்தான். சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பெண்சாதிக்கு விடியற்காலையிலிருந்து வலி, குழந்தை இறங்கவில்லை. வியாழக்கிழமை பெரியப்பா தானே ஆள் அனுப்பி டாங்க்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பியிருந்தார்; வெள்ளிக்கிழமை பூஜை தடபுடலாக நடந்து முடியவே மத்தியானமாகி, அன்று நாங்கள் கடலோரம் கிளம்பவில்லை. அம்மா பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினாள். நான் துணை. எல்லப்பன் பின்னால்.

கன்னியம்மன் கோயில் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டி நின்றது. நல்ல வெயில். கண்ணுக்கெட்டிய வரைக்கும் ஆளில்லை. எல்லப்பன் "தாயே, என் பொண்டாட்டிய காப்பாத்து தாயே" என்று அலறிக்கொண்டு கோயிலுக்கு ஓடி, சந்நிதியில் குப்புற விழுந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அழவும் இல்லை, சாமி கும்பிடவும் இல்லை. மற்ற நாட்களில் கோதண்டம் வரட்டும் என்று காத்திருப்பாளே, அன்றைக்குக் காத்திருக்க நேரம் இல்லை. அவர் முதலில் எதைச் செய்வாரோ அதைத் தானே செய்யலாம் என்று இறங்கிப் பின்னால் போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகினாள்.

"உஸ்ஸ்" என்று ஒரு நீண்ட சத்தம் வந்தது. பாம்பு என்று நினைத்து நான் இருக்கையில் காலைத் தூக்கிக்கொண்டேன். அம்மா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு அதைத் திருப்பி உட்பக்கம் பார்த்தாள். நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. வெளிப்பக்கம் திருப்பினாள். துளை இருக்க வேண்டிய இடத்தில், வாரா வாரம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக் கெட்டிப்பட்ட சந்தனம், அதன் மேல் நேற்றைய ஈரம் காயாத புதுப் பொட்டு.

"பாப்பா, ரப்பர் மூடி போட்ட மருந்துப் புட்டியில நான் எப்படி மருந்து எடுப்பேன்?" என்று கேட்டாள். நான் பார்த்திருக்கிறேன், முதலில் ஊசியால் உள்ளே கொஞ்சம் காற்றைச் செலுத்துவாள், அப்புறம்தான் உறிஞ்சுவாள். "காத்து உள்ள போனாத்தான் மருந்து வெளிய வரும். இங்க காத்து போற வழிய உங்க பெரியப்பா பொட்டு வச்சி அடச்சிட்டாரு. பாதி டாங்க்குல உள்ள காத்து நிறைய, அதான் அன்னிக்கு தாங்குச்சு; திங்கக்கிழமைக்குள்ள பொட்டு காஞ்சு வெடிச்சிடுது, அதான் நிக்கறதில்ல. பெட்ரோல் இருக்குது, வரத்தான் முடியல." சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அந்தப் பனந்தோப்பே திரும்பிப் பார்த்திருக்கும்.

மூடியை என் மடியில் போட்டுவிட்டு, டாங்க்கின் வாயைக் கைக்குட்டையால் தளர்வாக மூடி, கைப்பிடியைச் சுற்றினாள். இரண்டாவது சுற்றில் வண்டி பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு எல்லப்பன் நெற்றியெல்லாம் குங்குமமாக ஓடி வந்தான். அம்மனே கிளப்பிவிட்டாள் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவுக்கு அவனோடு வாதாட நேரமில்லை. குழந்தை மத்தியானம் பிறந்தது, பெண். தாயும் பிழைத்தாள். வழியில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இரண்டு பேரும் இருந்திருக்கமாட்டார்கள் என்று அம்மா என்னிடம் பின்னால் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் கதவுக்குப் பின்னால் நின்று, "பாப்பா, பெரியப்பா கிட்ட சொல்லு. பெட்ரோல் மூடியில காத்து போக ஒரு ஓட்டை கீது. பொட்டு அதை அடைக்குது. அங்க மட்டும் வைக்க வேணாம், வேற எங்க வேணா வைக்கட்டும்," என்றாள்.

நான் சொன்னேன். பெரியப்பாவின் முகம் சிவந்தது. வழியில் நின்றதா இல்லையா என்று மட்டும் கேட்கச் சொன்னார். நின்றது என்று அம்மா சொன்னாள். பொய் சொல்லத் தெரியாது. "சாமி விஷயத்துல டாக்டர் படிப்பு வேணாம்னு சொல்லு. வர்ற வெள்ளிக்கிழமை செய்யூர்க்காரர் வர்றாரு."

ராத்திரி அப்பா மெதுவாக ஒரு யோசனை சொன்னார். விடியற்காலையில் பூஜை முடிந்ததும் யாருக்கும் தெரியாமல் ஒரு குச்சியால் சுரண்டிவிட்டால் போகிறது, வண்டி நிற்காது, அண்ணன் மனசும் நோகாது. அம்மாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "திருட்டுத்தனமா சுரண்டணுமா? நான் இன்னா தப்பு பண்ணேன்? என் கையிலதான் கேடுன்னு ஊரே சொல்லிகினு கீது. நான் சுரண்டிட்டு, அவுரு பூஜையாலதான் சரியாச்சுன்னு அதையும் கேட்டுகினு இருக்கணுமா?" அப்பா விளக்கைச் சின்னதாக்கிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை செய்யூர்க்காரர் சொந்த டிரைவரோடு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தங்கப் பட்டை போட்ட கடிகாரம். வண்டி வீட்டை விட்டுப் போகிறதே என்று பெரியப்பா கல்யாணப் பெண்ணுக்குச் செய்வதுபோல அலங்காரம் செய்தார். மூடியில் அன்றைக்கு வைத்த பொட்டு முழு மூடிக்கும் இருந்தது. கடல் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று மூன்று ஆண்பிள்ளைகளும் ஏறிக்கொண்டார்கள். அம்மா கதவோரம் நின்று, "போய்ட்டு வரச் சொல்லு. நாம பஸ்ஸுல போவலாம்," என்றாள். மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னை இழுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள். அவள் நடந்த வேகத்துக்கு நான் ஓடினேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டிப் பனந்தோப்பு வந்ததும் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாக எட்டிப் பார்த்தார்கள். பச்சை வண்டி சாலையோரம் நின்றிருந்தது. டிரைவர் தலை என்ஜினுக்குள் இருந்தது. செய்யூர்க்காரர் விசிறிக்கொண்டிருந்தார். பெரியப்பா குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். அம்மா கண்டக்டரிடம், "கொஞ்சம் நிறுத்துப்பா. ரெண்டு நிமிஷம்," என்று சொல்லி இறங்கினாள். நான் மருந்துப் பெட்டியோடு பின்னாலேயே இறங்கினேன்.

பெரியப்பா வழக்கப்படி என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. நேராக அவர் எதிரில் போய் நின்றாள். முக்காடு இல்லை, கதவு இல்லை, நடுவில் நான் இல்லை.

"மாமா, இப்ப வண்டியில பொம்பள யாரும் இல்லியே. அப்புறம் ஏன் நின்னுச்சு?"

பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். அம்மா பின்னால் போய் மூடியைத் திருகினாள். அந்த "உஸ்ஸ்" பஸ்ஸின் கடைசி இருக்கை வரைக்கும் கேட்டிருக்கும். கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள்.

"பொட்டு மேல கை வைக்காதே!" என்று பெரியப்பா கத்தினார். பதினொரு வருஷமாக அதே வீட்டில் இருந்தவளோடு அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"பொட்டு அப்படியே இருக்கட்டும் மாமா. மூச்சு வுட ஒரு வழி மட்டும் வுடுறேன்." குங்குமத்தின் நடுவில் ஊசியைக் குத்தி, உள்பக்கத் துளை வழியாக வெளிச்சம் தெரியும் வரைக்கும் திருகி, மூடியைத் திரும்பப் போட்டாள். டிரைவரைக் கைப்பிடி சுற்றச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். என்ஜின் பிடித்துக்கொண்டு சீராக ஓடியது.

இதோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! செய்யூர்க்காரர் துள்ளி எழுந்தார். "அட, வண்டி ஒண்ணாம் நம்பரா கீதே! இதுக்கா இவ்ளோ பேஜாரு? இப்பவே எடுத்துக்கறேன், பேரத்தை முடிச்சிடலாம்," என்று பெரியப்பாவின் கையைப் பிடித்தார். அம்மா தன் கையாலேயே வண்டியைக் குணப்படுத்தி அவருக்குக் கொடுத்துவிட்டது போல ஆயிற்று. பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இறங்கவில்லை.

"இது விக்கிறதுக்கில்ல," என்றாள், செய்யூர்க்காரரிடம். பெரியப்பாவிடம், "குப்பத்துல எனக்காகக் காத்துகினு கீறாங்க. ஏர்றதுன்னா ஏறுங்க மாமா. இல்லன்னா பஸ்ஸு நிக்குது."

பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். செய்யூர்க்காரர் தன் டிரைவரோடு பஸ்ஸை நோக்கி நடந்தார். போகும்போது என்ன சொன்னார் என்பதை எழுத முடியாது. பெரியப்பா குடையை மடக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். அன்று முழுக்கக் குப்பத்துச் சவுக்கு நிழலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மாவின் வீட்டுப் பெரியவர் என்று பெண்கள் நுங்கு கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லப்பனின் பெண்சாதி குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் கிடத்திவிட்டுப் போனாள். அவர் அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், வெகு நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

வண்டியை விற்கும் பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. தவறு என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. கன்னியம்மன் கண் திறந்தாள் என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லப்பன் வேறு அதற்குச் சாட்சி. வெள்ளிக்கிழமை பூஜை நடந்தது, மூடியை மட்டும் விட்டுவிட்டார். அம்மா அன்றிலிருந்து அவரிடம் நேராகவே பேசினாள். அவர் கடைசி வரைக்கும் "பாப்பா, உங்கம்மா கிட்ட சொல்லு" என்று எனக்குத்தான் பதில் சொன்னார். நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். நான் சொல்லாமலே அம்மாவுக்குக் கேட்டது.

பெரியப்பா போய்விட்டார், அப்பா போய்விட்டார். டயர் கிடைத்த வரைக்கும் அந்த வண்டியையும், அப்புறம் கண் தெரிந்த வரைக்கும் வேறு வண்டியையும் ஓட்டிய அம்மாவும் போய்விட்டாள். பச்சை வண்டி இரும்பாகப் போனது. பனந்தோப்பு இருந்த இடத்தில் மனைகளுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். குப்பத்தில் இப்போது பிரசவத்துக்குப் போன் செய்தால் வேன் வருகிறது. இவை போனதில் எனக்குப் பெரிய துக்கம் ஒன்றுமில்லை. மாட்டு வண்டியில் வைக்கோல் மேல் செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் மாமல்லபுரம் தாண்டிக் கடற்கரைச் சாலையில் ஓரமாக நிறுத்தியிருந்த என் சின்ன கார் திரும்பக் கிளம்பவில்லை. பாட்டரி இறங்கியிருந்தது, எனக்கே தெரிந்தது. மோட்டார் சைக்கிளில் போன ஒரு பையன் நிறுத்தினான். நல்ல பையன்தான். வெள்ளைத் தலையோடு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான், பின் இருக்கையைப் பார்த்தான், சாலையோரத்துச் சவுக்கு மரங்களுக்குப் பின்னால் யாராவது ஒதுங்கியிருக்கிறார்களா என்றும் பார்த்தான்.

"இன்னா ஆயா, வண்டி நின்னுபோச்சா? ஓட்டுறவரு எங்க?"

நான் கியரைப் போட்டுக் கிளட்ச்சை மிதித்துக்கொண்டேன்.

"ஓட்டுறவதான் பேசுறேன். பின்னாடி போய்த் தள்ளு."

தள்ளினான்.